முதல் பணம் யாருக்கு?

மாதக் கடைசி. கையில் இருப்பது பத்து ரூபாய், கொடுக்க வேண்டியது பதினைந்து. அந்தப் பத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது? தொழில் தர்மம், வியூகம், சமூகப் பொறுப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். ஒரு நிறுவனத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு அதன் பட்டுவாடாப் பட்டியல் போதும்.

விழுப்புரம் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கொஞ்ச காலம் கணக்கு எழுதினேன். பட்டியல் அநேகமாக எல்லா மாதமும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் கரண்ட் பில், அப்புறம் ஜிஎஸ்டி, பேங்க் தவணை, பெரிய சப்ளையர். அதற்கும் கீழே மூட்டை தூக்குகிறவர், வண்டி வாடகைக்காரர், சாக்கு தைக்கிற அம்மா. முதலாளி கெட்டவர் இல்லை. சாக்கு தைக்கிற அம்மாவின் பெண் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தவர்தான். ஆனால் பட்டியல் ஈரத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை. பியூஸைப் பிடுங்கக் கூடியவர் மேலே இருப்பார், பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லாதவர் கீழே இருப்பார்.

இதில் நியாயமும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் அந்த அம்மாவுக்கும் வேலை இல்லை. ஆகவே பலசாலிக்கு முதலில் கொடுப்பது வெறும் பயம் இல்லை, அதில் பிழைக்கிற புத்தியும் உண்டு. இந்த மாதம் தள்ளிவைத்தது அடுத்த மாதமும் அப்படியே நிற்பதில்தான் சிக்கல். நாளடைவில் அது தள்ளிவைப்பு என்கிற நினைப்பே போய்விடும். சின்னவர்களுக்குச் சேர வேண்டிய பணம் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடனாகிவிடும்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கரும்பைப் பார்க்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் வட்டாரம் கரும்புக்குப் பேர்போனது. பக்கத்திலேயே பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டி, சோகை உரித்து, ஆலை தரும் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறார் விவசாயி. வெட்டிப்போட்ட கரும்பை நெல் மாதிரி குதிரில் கொட்டி விலைக்குக் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் எடை குறையும், சாறு கெடும். வெட்டுக்கூலியோ அன்றைக்கே கைக்காசு. எந்த ஆலைக்கு எந்த ஊர்க் கரும்பு என்பது முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும், நினைத்த ஆலைக்கு ஏற்றவும் முடியாது. லாரி ஆலைக்குள் நுழைந்த நிமிடத்தில் விவசாயியின் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

இதை அரசாங்கம் அறியாமல் இல்லை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு இறங்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் கரும்பு நிலுவை என்பது எத்தனை வருடப் பத்திரிகைச் செய்தி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆலைகளின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. சர்க்கரை வருடம் முழுக்க மெல்ல மெல்ல விற்கிறது, கரும்போ சில மாதங்களில் மொத்தமாக வந்து இறங்குகிறது. நடுவில் பணம் புரட்டியாக வேண்டும். ஆனால் அந்த இடைவெளியை விவசாயியின் தலையில் கட்டுவது நல்ல வியூகமா என்று கேட்டால், இல்லை என்றே தமிழ்நாட்டின் அனுபவம் சொல்கிறது. 2011-12 பருவத்தில் 23 லட்சம் டன்னைத் தாண்டிய மாநிலத்தின் சர்க்கரை உற்பத்தி, 2018-19இல் 9 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. வறட்சி பெரிய காரணம்தான். ஆனால் மழை திரும்பியபோது எல்லோரும் கரும்புக்குத் திரும்பிவிடவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் சவுக்கு வைத்தவர்களைப் பாருங்கள். சவுக்கு வைத்த நிலம் மூன்று நான்கு வருடத்துக்கு ஆலைக்கு இல்லை. இரண்டு மாதம் பணத்தை இழுத்தடித்ததில் மிச்சமான வட்டியை அந்த இழப்போடு தட்டில் வைத்துப் பார்த்த ஆலை எது?

சட்டம் நினைத்தால் வரிசை மாறும். சிறு, குறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006இலேயே சட்டம் வந்தது. யாரும் பெரிதாக அசையவில்லை. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகுதான் ஆடிட்டர்கள் போன் போட ஆரம்பித்தார்கள். கரும்பு விவசாயிக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது, விவசாயம் அந்தப் பட்டியலில் வராது.

ஆலை நொடித்துப் போனால் நிலைமை இன்னும் மோசம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில், சொத்தை விற்றுப் பங்கிடும் நிலை வந்தால் யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை அச்சிட்டே இருக்கிறது. நடைமுறைச் செலவுக்கு அடுத்து, ஈடு பிடித்துக் கடன் கொடுத்த வங்கிகளும் தொழிலாளர்களின் சம்பள பாக்கியும். கரும்பு கொடுத்தவர் வெகு தூரம் கீழே. கும்பகோணம் பக்கம் திருமண்டங்குடியில் திரு ஆரூரான் சர்க்கரை ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய்க் கை மாறியது. நிலுவை ஒரு பக்கம் இருக்க, தங்களுக்கே தெரியாமல் தங்கள் பெயரில் வங்கிகளில் கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்று விவசாயிகள் புகார் சொன்னார்கள். 2022 நவம்பர் கடைசியில் ஆலை வாசலில் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. பாக்கி வாங்க வேண்டியவருக்கே வங்கியிலிருந்து நோட்டீஸ் வருவதை என்னவென்று சொல்வது?

ஓலை ஒன்றைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்று ஒருவர் வந்து நின்ற வழக்கு எங்கள் ஊரான திருவெண்ணெய்நல்லூரின் சபையில்தான் நடந்தது என்கிறது பெரியபுராணம். கல்யாணப் பந்தலில் இருந்த சுந்தரரைக் கிழவர் வழிமறித்ததும், சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்ததும் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கவர்வது அதற்கப்புறம் நடந்த விசாரணை. அந்தணர் அடிமையாவது வழக்கத்தில் உண்டா என்று சபையார் முதலில் சந்தேகப்படுகிறார்கள். கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அதை வாங்கிப் படிக்கிறார்கள். எழுதியவர் சுந்தரரின் பாட்டனார், அவர் பெயரும் ஆரூரர்தான். சபை அதோடு விடுவதில்லை. பாட்டனார் எழுதிய வேறு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தை ஒத்துப் பார்க்கிறது. பிறகே சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பு. வந்தவர் சிவன் என்பது சபைக்குத் தெரியாது. வீடு எது என்று கேட்டபோதுதான் அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

பக்தர்களுக்கு அது தடுத்தாட்கொண்ட கதை, கணக்கெழுதிய எனக்கு அது ஒரு தணிக்கைக் கதை. கடன் ஓலையில் இருப்பது இவர் கையெழுத்துதானா, தெரிந்து போட்டதுதானா என்று பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்னால் ஒரு ஆள் வயலுக்குப் போய்க் கேட்டிருந்தால் திருமண்டங்குடியில் அத்தனை பேர் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. அந்த ஒரு ஆளை அனுப்புவதா வேண்டாமா என்பதும் ஒரு அதிகாரி மேசையில் எடுத்த முடிவுதான்.

கம்பனுக்குச் சோறு போட்ட சடையப்ப வள்ளல் இதே ஊர்க்காரர் என்பது வழக்கு. ராமனின் முடிசூட்டில் கிரீடத்தைச் சூட்டுவது வசிட்டன். அதை அவன் கையில் எடுத்துக் கொடுக்கிறவர்களாகக் கம்பன் நிறுத்துவது வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோர்களை. அயோத்தியில் ஒரு வேளாளக் குடும்பத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பட்ட கடனைக் காவியத்தின் உச்சியில் வைத்துத் தீர்த்திருக்கிறான், அடிக்குறிப்பில் தள்ளவில்லை.

அந்த 15 சதவீத வட்டிக்கு வருகிறேன். சட்டப்படி அது கரும்பு கொடுத்த ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியது. கேட்கவில்லையா என்று தெரிந்த விவசாயி ஒருவரிடம் கேட்டேன். "அசலே முன்ன பின்ன வருது, இதுல வட்டி கேட்டு எழுதிப் போட்டுட்டு, அடுத்த பருவத்துக்கு வெட்டு உத்தரவு யாருகிட்ட போய்க் கேக்கறதுங்க?" என்றார்.