நுனியின் வயது

கறுப்பில் இரண்டு உண்டு. உடன்பிறந்த கறுப்பு ஒன்று, நாமாகப் போட்டுக்கொண்ட கறுப்பு இன்னொன்று. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிளீச்சுக்குத் தெரியும்.

பிறவிக் கறுப்பு மெலனின். பெராக்ஸைடு உள்ளே போனால் அது படிப்படியாக விட்டுக்கொடுக்கும்: கறுப்பு பழுப்பாகும், பழுப்பு செம்பாகும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெளிர்மஞ்சள். டப்பாவில் வாங்கி அடித்த கறுப்புக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அடர்நிற டைகளில் பெரும்பாலும் பிபிடி என்கிற பாராஃபெனிலின்டயமின் இருக்கும். சின்ன மூலக்கூறாக முடிக்குள் நுழையும். அங்கே பெராக்ஸைடோடு வினைபுரிந்து பெருத்துப்போகும். பிறகு வந்த வழியே வெளியேற முடியாது. ஒவ்வொரு முறை நுனிவரை டை இழுக்கும்போதும் இன்னொரு அடுக்கு சேரும். எத்தனை அடுக்கு என்று தலைக்குச் சொந்தக்காரருக்கே நினைவிருக்காது.

*

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பார்லருக்குச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் உண்டு. அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பிள்ளைகள். போனில் ஒரு கொரியப் பாடகியின் படத்தைக் காட்டுவார்கள்.

"இதே மாதிரி வெள்ளையா வேணும்க்கா."

"தலையில இதுவரைக்கும் என்னம்மா போட்டிருக்க?"

"ஒண்ணும் போடலக்கா."

"டை?"

"அது ஒரே ஒரு தடவை, இன்டர்வியூவுக்கு."

"மருதாணி?"

"அம்மா மாசாமாசம் வச்சு விடுவாங்க. அது நேச்சுரல்தானேக்கா?"

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. 60 சென்டிமீட்டர் முடி என்றால் நுனிக்கு நான்கு வயது. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் அம்மா வைத்துவிட்ட மருதாணி, டிகிரி முடித்தவளின் நுனியில் அப்படியே இருக்கிறது. ஆள் மறந்ததை முடி மறப்பதில்லை. அதனால் நான் ஆளைக் கேட்டுவிட்டு முடியையும் ஒரு தடவை கேட்பேன்.

*

கேட்கும் விதம் இது. பிடரிக்கு மேலே, வெளியே தெரியாத இடத்தில், பத்திருபது முடியை வெட்டி நூலால் கட்டுவேன். கண்ணாடிக் கிண்ணத்தில் 6 சதவீத பெராக்ஸைடு, அதில் சில சொட்டு அமோனியா. முடியைப் போட்டு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். நடுநடுவே கிண்ணத்தின் அடியை விரலால் தொட்டுப் பார்ப்பேன். சூடு ஏறினாலோ, நுரை பொங்கினாலோ, சட்டென்று நிறம் மாறினாலோ அந்த முடியில் உலோக உப்பு இருக்கிறது என்று பொருள். மலிவான 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டுகள் சிலவற்றில் அது கலந்திருக்கும். அந்தத் தலையில் பிளீச் வைத்தால் முடி வெந்து அறுந்து கையோடு வரும். அப்படிப்பட்ட முடிக்கு ஒரே வழி வளரவிட்டு வெட்டுவதுதான். அழுதாலும் வேறு பதில் என்னிடம் இல்லை.

வெறும் மருதாணி என்றால் ஆபத்து குறைவு, பிடிவாதம் அதிகம். இலையின் சாயம் முடியின் புரதத்தோடே பிணைந்துகொள்ளும். பிளீச் ஆரஞ்சில் வந்து நின்றுவிடும். அவுரிப் பொடியும் சேர்ந்திருந்தால் பச்சை தட்டும்.

அடுத்து இன்னொரு சிறு கற்றையில் பிளீச் கலவையையே பூசி வைப்பேன். கழுவிய பின் ஈரமாக இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கும். நீண்டது நீண்டபடி நின்றால் அன்றைக்கு வேலை இல்லை.

*

திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளுக்கு முடி காணிக்கை கொடுக்கிறவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். ஔஷதகிரிப் படிகளில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தைகள் இறங்கும். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. பெரிய கோயில்களில் சேரும் முடி ஏலத்துக்குப் போகும். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் ஏலத்துக்கு அப்புறம் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

தென்னிந்தியக் கோயில் முடியின் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குப் போகிறது. ரோமுக்கு அருகே நேப்பி என்ற ஊரில் ஆலை வைத்திருக்கும் கிரேட் லெங்த்ஸ் நிறுவனம், இந்தக் கறுப்பு முடியை வாங்கி நிறம் நீக்கிப் பொன்னிறமாக்கி உலகமெங்கும் விற்கிறது. அவசரமே படுவதில்லை. வீரியம் குறைந்த கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்து நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். கூந்தல் மேல்தோலின் செதில்கள் கலையாமல் இருப்பதற்கு அந்த நிதானம்தான் காரணம்.

2004 மே மாதம் ஜெருசலேமின் மூத்த ரபி யோசேஃப் ஷாலோம் எலியாஷிவ், இந்தியக் கோயில் முடியில் செய்த விக்கை யூதப் பெண்கள் அணியலாகாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் அந்த விக்குகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். நிறத்தைக் கழற்றியவர்களால் பிறந்த இடத்தைக் கழற்ற முடியவில்லை.

நான் யோசிப்பது அந்த ஊறல் தொட்டியைப் பற்றி. தலையை விட்டுப் போன முடிக்கு வலி இல்லை, எத்தனை நாளும் கிடக்கும். என் நாற்காலியில் இருக்கும் முடியும் செத்த பொருள்தான். ஆனால் அது உயிருள்ள தோலில் நட்டிருக்கிறது. தோல் நாற்பது ஐம்பது நிமிடத்துக்கு மேல் பொறுக்காது. ஆலைக்குக் கிடைக்கும் நிதானம் எனக்கு வேண்டுமானால் ஒரே வழிதான்: வேலையை மூன்று நான்கு வருகையாகப் பிரிப்பது, இடையில் சில வாரம் விடுவது. ஒரே நாளில் வெள்ளை ஆக்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம், டை ஊறிய தலையைக் கொண்டு போகாதீர்கள்.

*

சிதம்பரத்தில் ஆடுகிறவனின் சடை சிவப்பு. தேவாரம் அதைப் பாடி ஓய்வதில்லை. அந்த ஊர் அம்மா ஒருத்தி, முதல் சுற்று முடிந்து செம்பட்டையோடு நின்ற மகளைப் பார்த்து "என்னடி கோலம் இது?" என்று என் கடைவாசலிலேயே கேட்டாள். பதில் நாக்கு வரை வந்தது. கீழவீதிக்காரி, எனக்கு மேல் பேசத் தெரிந்தவள் என்பதால் விழுங்கிவிட்டேன்.

*

டை ஏறிய தலைக்கு முதலில் பிளீச் அல்ல, கலர் ரிமூவர். பெருத்துப்போன சாய மூலக்கூறை அது மறுபடி சுருக்கி வெளியே விடும், மெலனினைத் தொடாது. அழுகின முட்டை நாற்றம் வரும், பொறுத்துக்கொண்டு நெடுநேரம் அலச வேண்டும். சரியாக அலசாவிட்டால் காற்றுப்பட்டுக் கறுப்பு திரும்பி வந்துவிடும்.

பிறகு பிளீச். டெவலப்பர் பாட்டிலில் 20 வால்யூம் என்றால் 6 சதவீத பெராக்ஸைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. வீரியம் கூடினால் சீக்கிரம் முடியும் என்று எண்ணம். சீக்கிரம் முடிவது முடிதான். நான் 20-ஐத் தாண்டுவதில்லை. முந்தின நாள் தலை குளிக்காமல் வரச் சொல்வேன். தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை ஒரு காப்பு. நடுமுடியிலும் நுனியிலும் முதலில், வேரில் கடைசியில். உடல் சூட்டில் வேர்ப்பக்கம் வேகமாக வெளுக்கும். முதலிலேயே வேரில் வைத்தால் உச்சி மஞ்சளாகவும் மீதி செம்பாகவும் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் வெயிலே ஹீட்டர் வேலை பார்த்துவிடும். அந்த நாள்களில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். ஈரப்பஞ்சால் ஒரு கற்றையைத் துடைத்தால் நிஜ நிறம் தெரியும்.

பண்ருட்டிப் பலாச்சுளையின் மஞ்சள் வரும் கட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் மனம் தளர்ந்து "இன்னொரு கோட் போடுங்கக்கா" என்பது அப்போதுதான். நான் கழுவி அனுப்பிவிடுவேன். நான்கு வாரம் கழித்து வா.

*

கலவை பூசிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் கடையில் பேச்சு தானாகவே அடங்கிவிடும். அமோனியா நெடி, ஃபேன் சத்தம், திறந்து வைத்த ஜன்னல். ஜன்னல் அலங்காரத்துக்கு இல்லை. பிளீச் தூளில் இருக்கும் பெர்சல்ஃபேட், வருடக்கணக்கில் சுவாசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆஸ்துமா கொண்டுவரலாம்; மருத்துவத்தில் இதற்குத் தொழில்நோய் என்றே பெயர். உட்கார்ந்திருப்பவள் ஏதாவது சொல்கிறாளா என்று காதை மட்டும் அவள் பக்கம் வைத்திருப்பேன். 'அரிக்குது' என்றால் பார்ப்பேன். 'எரியுது' என்றால் நிறம் வந்ததோ வரவில்லையோ, குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் தெருத்தெருவாகக் கொட்டிய பிளீச்சிங் பவுடரும் இதுவும் வேறு வேறு. அது குளோரின்; சாக்கடைக்கும் கிணற்றுக்கும் உரியது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதைத் தலையில் வைக்க யாரும் துணியக் கூடாது.

*

வெளுத்த முடிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதா என்று கேட்கிறார்கள். குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடியிலிருந்து புரதம் கழிவது குறைகிறது என்று ரேலே, மொஹிலே என்ற இருவர் 2003-இல் எழுதினார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் நான் நம்புகிறேன், கையில் தெரிகிறது.

*

வெள்ளை வரும்வரை பிளீச் வைப்பது தவறு. முடியின் புரதத்துக்கே லேசான மஞ்சள் உண்டு. அதையும் உரித்தால் முடியே மிஞ்சாது. வெளிர்மஞ்சளில் நிறுத்திவிட வேண்டும். மிச்ச மஞ்சளை ஊதா டோனர் அடக்கிவிடும். படத்தில் பார்த்த வெள்ளை அப்படி வந்ததுதான்.

டோனரும் ஒரு வகைச் சாயமே. அதனால் 48 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். முன்பு டை ஒத்துக்கொண்டது என்பது கணக்கில் வராது, ஒவ்வாமை எந்தத் தடவையும் புதிதாக வரலாம். செலவையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரமே கறுப்பு வேர் எட்டிப் பார்க்கும். அப்போது வேரை மட்டும்தான் தொட வேண்டும். ஏற்கெனவே வெளிர்மஞ்சளை எட்டிவிட்ட முடியின் மேல் இன்னொரு முறை பிளீச் படக் கூடாது.