ஃபெஸ் நகருக்குப் போகிறவர்களே, கேளுங்கள்

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்கு விமான டிக்கெட் எடுக்கும் முன் பிறைக் கணக்கைப் பாருங்கள். கட்டணம் மலிவாகக் கிடைத்த நாளெல்லாம் போவதற்கேற்ற நாளாகிவிடாது. ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். அந்த மாதத்தில் போகக் கூடாது என்று சொல்லவில்லை. போனால், ஊரே நோன்பிருக்கும் பகலில் தெருவில் நின்று தண்ணீர் பாட்டிலைச் சாய்க்காதீர்கள், சிகரெட் பற்றவைக்காதீர்கள். தாகமெடுத்தால் விடுதி அறைக்குள் குடியுங்கள். ரமலானுக்காகக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவைக்கும் நாடு அது. ரயில் நேரத்தையும் மறக்காமல் சரிபாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் பல கடைகள் சாத்தியிருக்கும். ஜும்ஆ தொழுகைக்குப் போனவரிடம் ஏன் கடையைத் திறக்கவில்லை என்று முகம் சுளிக்க நமக்கு என்ன உரிமை?

பழைய நகரமான ஃபெஸ் அல்-பாலியை 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதற்காக அதை அருங்காட்சியகம் என்று எண்ணிவிடாதீர்கள். மக்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். கார் நுழைய முடியாத சந்துகளில் கேஸ் சிலிண்டர் முதல் தோல்கட்டு வரை கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமக்கின்றன. பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். படம் எடுத்து முடிக்கும்வரை சுமையோடு விலங்கை நிறுத்திவைப்பது கொடுமை.

859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி எழுப்பியதாக மரபு போற்றும் கரவிய்யீன் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக அனுமதி இல்லை. கதவு திறந்திருக்கும்போது முற்றம் தெரியும். உடனே கூட்டம் கூடி, வாசலை மறித்து, தொழுகிறவர்களின் தலைக்கு மேல் போனை நீட்டுகிறது. நம் வீட்டு வாசலில் அந்நியர் பத்துப் பேர் நின்று, உள்ளே அம்மா விளக்கேற்றுவதைப் படமெடுத்தால் பொறுப்போமா? கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். முஸ்லிம் வாசகர்களே, உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. தொழுவதற்காக உள்ளே போங்கள், செல்ஃபிக்காகப் போகாதீர்கள். கட்டடக் கலையை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அத்தாரீன் மதரஸாவும் பூ இனானியா மதரஸாவும் உண்டு. மர வேலையையும் சுதை வேலையையும் நுழைவுச்சீட்டு வாங்கி எவரும் பார்க்கலாம். பூ இனானியாவைக் கட்டிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படிதான் இப்னு பதூதாவின் பயண நினைவுகள் 1355இல் எழுதி முடிக்கப்பட்டன. மதுரை சுல்தான்கள் காலத்தில் நம் கரைக்கு வந்துபோனவர் அவர். அந்த ஊருக்கு நாம் ஒன்றும் முற்றிலும் அந்நியர் அல்லோம்.

சவ்வாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கக் கடைக்காரர்கள் மாடிக்கு அழைப்பார்கள். நாற்றத்துக்காகப் புதினாக் கொத்தும் தருவார்கள். சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் தோலை ஊறவைத்து, கால் முழுக்கச் சாயத்தில் நின்று உழைக்கிறார்கள் கீழே தொழிலாளர்கள். அவர்கள் பார்க்க மூக்கைப் பொத்திச் சிரித்து வீடியோ எடுக்காதீர்கள். அருகே போய் முகத்தைப் படமெடுப்பதானால் முதலில் கேளுங்கள்; தலையசைத்து மறுத்தால் விட்டுவிடுங்கள். பேரம் பேசலாம், அங்கே அது வழக்கம்தான். ஆனால் நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒப்புக்கொண்டபின் "வேண்டாம்" என்று நடையைக் கட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வழிகாட்டச் சிறுவர்களை அழைத்துக்கொள்ளும் பழக்கம். சில திர்ஹம் மிச்சமாகிறது நமக்கு. பள்ளிக்கூடத்தைவிடத் தெருவே லாபம் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறான். உரிமம் பெற்ற வழிகாட்டிக்கான கூலியைப் பயணச் செலவில் இப்போதே ஒதுக்குங்கள். பணம் போதவில்லையென்றால் விடுதியில் ஒரு இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரை நாளா, முழு நாளா, கூலி எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். தங்கப்போகும் விடுதிக்கு இன்றே எழுதி, உரிமம் உள்ள ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.