திருப்பிச் சொல்ல முடியாத சொல்

எரிச்சலூட்டும் சொற்கள் எவை என்று கேட்டால், பட்டியல் தர எவரும் தயங்கார். மேட்டுப்பாளையம் சாலையில் ஓடும் எந்தப் பேருந்தில் வேண்டுமானாலும் ஏறிக் கேளுங்கள். இறங்குமிடம் வருவதற்குள் ஏடு நிறைந்துவிடும்!

“வந்து... வந்து...” என்று கூறிக்கொண்டே, வரவேண்டிய இடத்துக்கு வராமல் வழியில் நிற்பார் ஒருவர். “தப்பா நினைச்சுக்காதீங்க” என்று முன்னுரை கூறி, தப்பாக நினைப்பதற்கென்றே பிறந்த செய்தியைச் செப்புவார் மற்றொருவர். “உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்” என்பார் இன்னொருவர். அந்த நல்லது எவருக்கு என்பது மட்டும் கடைசிவரை மறைபொருள்! மேடையேறும் தோழர்களும் விலக்கல்லர். “ஒன்றை மட்டும் கூறி அமர்கிறேன்” என்பர். மணி ஒன்பதாகும், பத்தாகும், அந்த ஒன்று முடிந்தபாடிராது!

இவை கொசுக்கடி. கடித்த இடத்தைச் சொறிந்துவிட்டுச் சிரிக்கலாம். சினம் கொள்ளத் தேவையில்லை. ஆனால், கொசுக்கடிக்கு இத்தனை கூச்சலிடும் நாம், பாம்புக்கடிக்கு வாய் திறப்பதில்லையே, அது ஏன்? நம் நாவில் நாள்தோறும் வழுக்கிக்கொண்டு ஓடும் சில சொற்கள், நம் செவியை உறுத்துவதேயில்லை. நம் செவியில் பூவாக விழும் அச்சொல், எதிரே நிற்பவன் நெஞ்சில் நெருப்பாக விழுகிறது. எந்தச் சொல் எரிச்சலூட்டுகிறது என்று கேட்பதோடு நில்லாமல், எவருடைய எரிச்சல் நியாயமானது என்றும் பகுத்தறிவாளர் கேட்க வேண்டும்.

எரிச்சல் எப்போதும் நல்ல நீதிபதி அன்று. பழக்கம் என்ற பெருமகனார் அதன் காதில் ஓதிக்கொண்டே இருப்பார். ‘நமஸ்காரம்’ நின்ற இடத்தில் ‘வணக்கம்’ வந்தபோதும், ‘அக்கிராசனர்’ எழுந்து ‘தலைவர்’ அமர்ந்தபோதும், ‘பிரசங்கம்’ போய்ச் ‘சொற்பொழிவு’ புகுந்தபோதும் முகம் சுளித்தோர் உண்டு. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் வணக்கம் கூறித்தான் வீட்டு வாயிலில் விருந்தினரை வரவேற்கின்றனர்! எங்கள் பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணியாற்றிய பெரியசாமித்தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுற்ற காலத்தில், சொல்லிக் காட்டிய செயல் அது. அன்று புதிதாக உறுத்திய கலைச்சொற்கள் பலவற்றை, இன்று என் வகுப்பு மாணவன் புதுமை என்றே அறியாமல் எழுதுகிறான். பழகாத செவியின் உறுத்தல் பத்தாண்டில் ஆறிவிடும். ஆகவே, உறுத்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சொல்லைத் தள்ளுவதும் தவறு. உறுத்தவில்லை என்ற காரணத்துக்காக ஏற்பதும் தவறு.

இன்னொரு எரிச்சலையும் பாருங்கள். பண்ணையில் உழைத்தவர் மகன் படித்தான், அலுவல் பெற்றான், ஊர் திரும்பினான். பழைய பண்ணாடியை வழியில் கண்டான். அவன் தந்தை “சாமி” என்று கூறிக் கைகட்டி ஒதுங்கிய அதே இடம். மகனோ நிமிர்ந்து நின்று, “வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா?” என்றான். பெரியவருக்கு எரிகிறது! ஏன் எரிய வேண்டும்? ‘ங்க’ இருக்கிறது, வணக்கம் இருக்கிறது, நலம் கேட்கும் அன்பும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று — குனிவு!

“வாடா” என்று அழைக்கப்பட்ட தந்தைக்கும் எரிந்தது. “சாமி” என்று அழைக்கப்படாத பெரியவருக்கும் எரிகிறது. இரண்டும் எரிச்சல்தானே, இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? கூடாது. பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். எளிய உரைகல் ஒன்று உண்டு: அந்தச் சொல்லைக் கேட்டவன், சொன்னவனிடம் அதையே திருப்பிச் சொல்ல முடியுமா? முடியுமானால் அது பழக்கவழக்கம். பிடிக்காவிட்டால் நகைத்து நகரலாம். முடியாதானால் அது நுகத்தடி. பூட்டியவனுக்குப் பாரம் தெரியாது.

கொங்குத் தமிழை மரியாதைத் தமிழ் என்று நாடு போற்றுகிறது. “ஏனுங்க”, “வாங்க”, “சொல்லுங்க” — இந்த ‘ங்க’ எங்கள் மண்ணின் மணம் என்று நாங்கள் மார்தட்டுகிறோம். தட்டட்டும்! ஆனால் இந்த மரியாதை எந்தத் தெருவரை சென்றது? வளவிலிருந்து வந்த அறுபது வயது முதியவரை, அரைக்கால் சட்டை அணிந்த சிறுவன் “ஏன்டா, இங்க வாடா” என்று அழைத்ததும், அவர் அச்சிறுவனை “சாமி” என்று விளித்ததும் இதே கொங்கு மண்ணில்தானே? அந்த வழக்கம் இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. முற்றாக மறைந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எவரால் இயலும்? ‘டா’ என்ற எழுத்தில் நஞ்சில்லை. நண்பர் இருவர் நாளெல்லாம் ‘டா’ போட்டுப் பேசட்டும். அது போகும், உடனே திரும்பி வரும். அன்று அம்முதியவர் அந்தச் சிறுவனை “போடா” என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விடை தெரிந்த வினா அது!

ஒருவர் கேட்கக்கூடும்: “ஆசிரியர் மாணவனை ‘வா’ என்கிறீர், அவன் உம்மை ‘வாங்க’ என்கிறான். அதுவும் ஒருவழிச் சொல்தானே?” நல்ல கேள்வி. வயதும் பணியும் சுழலும் சக்கரங்கள். இன்றைய மாணவன் நாளைய ஆசிரியன். இன்றைய இளையவன் நாளைய மூத்தவன். அவன் முறை வரும்போது அவனுக்கும் அந்த ‘ங்க’ வந்து சேரும். பிறப்பின் பேரால் வகுத்த வரிசையோ சுழலாத சக்கரம். அறுபதாண்டு வாழ்ந்தும் அந்த முதியவருக்கு முறை வரவேயில்லை. சுழல்வது ஒழுங்கு, சுழலாதது ஒடுக்குமுறை.

வகுப்பறைகளில் உலவும் சொல் ஒன்று: “உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு?” இலக்கணம் படித்தோர் சற்றே எண்ணுங்கள். எதிரே நிற்பவன் ஒருவன்; ‘எல்லாம்’ எங்கிருந்து வந்தது? அந்த ஒருவனோடு அவன் தந்தை, தாய், தெரு, குலம் அத்தனையையும் இழுத்து வந்து நிறுத்துகிறதே அந்தச் சொல்! கணக்கில் தவறியவனிடம் “கணக்கு தவறு” என்று கூறுவது கல்வி. “உனக்கெல்லாம்” என்பது தீர்ப்பு, அதுவும் அவன் பிறக்குமுன்பே எழுதி வைத்த தீர்ப்பு! 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் இனத்தவரைப் பொதுவிடத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிற்று. சட்டத்தின் வலையில் சாதிப்பெயர் சிக்கும், ‘எல்லாம்’ சிக்காது. அதைப் பிடிக்க மனச்சான்று என்ற வலைதான் வேண்டும்.

வீட்டுக்குள் வருவோம். “உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?” என்றால், “வேலைக்குப் போகலீங்க சார், சும்மாதான் இருக்காங்க” என்று பிள்ளைகள் பதில் தருகின்றனர். கோழி கூவுமுன் எழுந்து, நீர் பிடித்து, சோறாக்கி, ஆடு மாடு பார்த்து, துணி துவைத்து, ஊரடங்கிய பின் கண்ணயர்பவள் ‘சும்மா’ இருக்கிறாளாம்! மாலையில் மில்லிலிருந்து திரும்பிக் கட்டிலில் சாய்ந்தவரைச் ‘சும்மா இருக்கிறார்’ என்று அவள் சொல்லிப் பார்க்கட்டும்; வீடு என்னாகும்? 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயரிடவில்லை. ‘உரிமைத்தொகை’ என்றே பெயரிட்டனர். தொகை சிறிதா பெரிதா என்று வாதிடலாம். ஆனால் உதவி பெறுபவள் கை நீட்டுகிறாள். உரிமை பெறுபவள் கணக்குக் கேட்கிறாள்! ஒரு சொல்லின் வேறுபாடு அது.

ஒரு சொல் எப்படி நஞ்சாகிறது என்பதற்கு ‘காலனி’ சான்று. குடியிருப்பு என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. ரயில்வே காலனி என்றால் எவரும் தலைகுனிவதில்லை. ஆனால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோர் வாழிடத்துக்கு அதே சொல் ஒட்டியபோது, “நீ காலனியா?” என்பது கேள்வியாக இல்லை, வசையாகிவிட்டது. உரைகல்லில் உரசிப் பாருங்கள்: “நீ ஊரா?” என்று அவன் திருப்பிக் கேட்டால் எவருக்கேனும் வலிக்குமா? வலிக்காது! அதனால்தான் 2025 ஏப்ரல் 29 அன்று, ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் அச்சொல் மாறிவிட்டது என்று சட்டமன்றத்தில் கூறி, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

“சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா?” என்பர் சிலர். வரலாறு விடை கூறும். ‘பறையர்’ என்ற பெயர் ஆங்கிலத்துக்குச் சென்று ‘பரையா’ என்று மருவி, ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே உலகில் உலவுகிறது. அதே பெயரை 1893இல் தம் இதழுக்குத் தலைப்பாகச் சூட்டினார் இரட்டைமலை சீனிவாசன். இழிசொல் என்று பிறர் எறிந்ததைக் கொடியாக ஏற்றினார்! எம்.சி. ராஜா முதலானோர் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு, அதுவரை வழங்கிய பெயர்களை விடுத்து ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. 1933இல் காந்தியார் ‘ஹரிஜன்’ என்ற பெயரில் வார ஏடு தொடங்கினார். அச்சொல்லை அம்பேத்கர் ஏற்கவில்லை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவரும் அவர் கட்சியினரும் அதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். 1982இல் இந்திய அரசே, சாதிச் சான்றிதழ்களில் அதை எழுத வேண்டாம் என்று பணித்தது.

இதிலிருந்து அறிவது என்ன? கனிவாகக் கொடுத்த பெயராயினும், கொடுத்தவன் மேலிருந்தும் பெற்றவன் கீழிருந்தும் என்றால், அதுவும் ஒருவழிச் சொல்லே. வாழ்விடம் மாறாமல் பெயர்ப்பலகை மட்டும் மாறினால், பழைய இழிவு புதிய பெயரிலும் ஏறிக்கொள்ளும். ‘காலனி’ என்பதை எடுத்துவிட்டு ‘நகர்’ என்று எழுதி, அந்த நகருக்குத் தனிச் சுடுகாடும் தனிக் குவளையும் வைத்தால், இருபதாண்டில் ‘நகர்’ என்பதும் வசையாகும். ஆகவே சொல்லை மாற்றுவது முதல் வேலை. முழு வேலை அன்று.

ஆயினும், “சொல்லில் என்ன இருக்கிறது?” என்போரிடம் ஒன்று கேட்போம். ஒன்றுமில்லை என்றால், அதை விட்டுவிடுவதில் உமக்கு என்ன இழப்பு? ஏன் இத்தனை பிடிவாதம்? விட மறுக்கும் அந்தப் பிடிவாதமே, உள்ளே ஏதோ இருக்கிறது என்பதற்குச் சான்று! “உள்நோக்கமின்றிச் சொன்னேன்” என்போருக்கும் ஒரு சொல்: முள்ளுக்கும் உள்நோக்கம் கிடையாது. காலில் தைத்தால் குருதி வரவே செய்யும். முள்ளைப் போட்டவர், “வேண்டுமென்று போடவில்லை” என்று நின்று வாதிடலாமா? குனிந்து எடுப்பதல்லவோ மனிதத்தன்மை!

தோழர்களே! நாவுக்குக் காவல் நிலையம் அமைக்கச் சொல்லவில்லை. பேருந்தில் “வந்து... வந்து...” என்பவர் என்றேனும் வந்து சேரட்டும், ஆத்திரம் வேண்டாம். மேடையில் “ஒன்றை மட்டும்” என்பவர் ஒன்பதைச் சொல்லட்டும், பொறுத்துக்கொள்வோம். நம் சினத்தை அங்கெல்லாம் செலவிட்டுத் தீர்த்துவிட வேண்டாம். தேநீர்க் கடையில், தறிக்கூடத்தில், மில் வாயிலில், வகுப்பறையில், அடுக்களையில், நாம் ஒரு சொல்லை வாய்விட்டு எறியுமுன், எதிரே இருப்பவர் அதை அப்படியே நமக்குத் திருப்பித் தருவதாக எண்ணிப் பார்ப்போம். புன்னகையோடு வாங்கிக்கொள்ள முடிந்தால் தாராளமாகச் சொல்வோம். முகம் சிவக்குமானால், அச்சொல் நம் வாயிலேயே மடியட்டும்! ‘ங்க’ என்ற மரியாதையை உலகுக்குக் காட்டிப் பெருமை கொள்ளும் மண், அதை ஊரின் கடைசி வீட்டுக்கும் கொண்டு சேர்க்கட்டும். அன்றுதான் அது மரியாதைத் தமிழ். அதுவரை அது பாதித் தமிழே!