ஏதோ ஒரு நரம்பு இழுத்திருக்கலாம்

 

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வணிகப் பெருமக்களின் பேச்சில் ஜவுளியும் மளிகையும் பின்னுக்குப் போய், ஆடும் மாடும் முன்னுக்கு வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் நின்றாலும் கிள்ளான் தெங்கு கிலானா சாலையில் நின்றாலும் இதே பேச்சுத்தான். இது உள்நாட்டுக் கெடா-கிளந்தான் மாடா, பிராமன் கலப்பா? ஆடு சின்னக் கச்சாங் ஜாதியா, ஜமுனாபாரி கலந்ததா? எத்தனை பல்? நம் முன்னோரில் பலர் இராமநாதபுரத்துச் சீமையிலும் கடையநல்லூர்ப் பக்கத்திலும் சந்தை கண்டவர்கள். துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசுவார்கள். வாயைத் திறந்து கீழ்வாய் முன்பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது; கீழே எட்டுப் பால்பற்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். குர்பானி மாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டும் என்ற சட்டத்தையும் இந்தப் பல்லையும் சேர்த்துப் பார்த்தால், நம் இமாம்கள் கால்நடையை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது விளங்கும். வெள்ளாட்டுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயது, ஹனஃபி மத்ஹபில் ஒரு வயது. நம்மில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இதைச் சொல்லி வைத்தோம்.

ஆனால் நாம் எழுத வந்தது குர்பானிச் சட்டமன்று. ஆடுமாடு வளர்வதையும் பெருகுவதையும் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் நாம், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த அறிவையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான். கறுப்புப் பசு செவலைக் கன்று ஈன்றால், "பாட்டி வழியில் வந்திருக்கும்" என்று சொல்லிக் கன்றைத் தடவிக் கொடுக்கிறோம். வீட்டில் பிறந்த பிள்ளை தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லாத நிறத்தில் இருந்தால் மட்டும் பாட்டியின் நினைவு வருவதில்லை. தொட்டிலைச் சுற்றி நின்று முணுமுணுக்கிறோம்.

நாயகத் தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தியைக் கேளுங்கள். பாலைவனத்து அரபி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். தம் மனைவி கறுப்பான ஆண் குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சொன்னார். வெளிப்படையாகக் குற்றம் சாட்டவில்லை, ஜாடைதான். பிள்ளை தம்முடையதன்று எனத் தள்ளிவிட வழியுண்டா என்பதே அந்த ஜாடையின் உட்பொருள். அண்ணலார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரிடம் ஒட்டகங்கள் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். என்ன நிறம் என்றார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தது ஏதும் உண்டா என்றார்கள். அதுவும் உண்டு என்றார். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஏதோ ஒரு நரம்பு அதை இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். அப்படியானால் உம்முடைய மகனையும் ஒரு நரம்பு இழுத்திருக்கலாம் அல்லவா என்று கூறி, பிள்ளையைத் தள்ளிவிட அவருக்கு அனுமதி தராமல் அனுப்பி வைத்தார்கள்.

என்ன அழகான விசாரணை! சாட்சி வெளியிலிருந்து வரவில்லை. அந்த மனிதருடைய தொழுவத்திலிருந்தே வந்தது. அவர் சொன்ன 'இர்க்' என்ற அரபுச் சொல்லுக்கு நரம்பு என்றும் வேர் என்றும் பொருள். மூதாதையரிடம் இருந்த ஒன்று, இடையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, பிற்காலத்துக் குட்டியில் தலைகாட்டும் என்பது ஒட்டகம் மேய்த்தவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததைத் தம் மனைவியின் விஷயத்தில் பயன்படுத்தத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

இது எப்படி மறைந்து கிடக்கிறது என்பதை முறையாகக் கணக்கெடுத்துக் காட்டியவர் கிரகோர் மெண்டல் என்னும் கிறிஸ்தவத் துறவி. இன்று செக் நாட்டிலுள்ள புருனோ நகரில் 1856 முதல் பல ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து, 1866-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர் இறந்தது 1884-ல். உலகம் அவர் சொன்னதைக் கவனித்தது 1900-ல்தான். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அந்த நெட்டைகளைத் தம்முள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் சுமார் நாலில் ஒன்று குட்டை. போனதாக நினைத்தது போகவில்லை!

வணிகர்களுக்கு வணிகக் கணக்கிலேயே சொல்கிறோம். ஒவ்வொரு உயிரிடமும் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு சீட்டுகள் உண்டு. ஒன்று தகப்பன் தந்தது, மற்றது தாய் தந்தது. இவற்றைத்தான் மரபணு என்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான ஃபிரீசியன் பால்மாடு நம் நாட்டிலும் அறிமுகமானது. அதைச் சாஹிவாலோடு கலந்து உண்டாக்கியதே மலேசியாவின் மாஃப்ரிவால் மாடு. அந்த ஃபிரீசியன் இனத்தில் கறுப்புச் சீட்டு ஒன்று இருந்தாலே தோல் கறுக்கும். சிவப்புக்கு இரண்டு சீட்டும் சிவப்பாக வேண்டும். ஆகவே காளையும் பசுவும் கறுப்பாக இருந்தும், இரண்டும் ஆளுக்கொரு சிவப்புச் சீட்டை உள்ளே வைத்திருந்தால், அவற்றின் கன்றுகளில் சராசரியாக நாலில் ஒன்று சிவப்பாகப் பிறக்கும். யாரும் பொலிகாளையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மனிதத் தோலின் நிறமோ ஒரே சீட்டில் முடிவதன்று. பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. அதனால்தான் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளில் ஒருவர் மாநிறமாகவும் ஒருவர் கறுப்பாகவும் ஒருவர் வெளுப்பாகவும் இருக்கிறார்கள். தமிழ் வாப்பாவுக்கும் மலாய் உம்மாவுக்கும் பிறந்த பிள்ளைகள் நிறைந்த இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த ஹதீஸை விஞ்ஞானப் பாடப் புத்தகமாக்கிப் பெருமை பேசுவது நமக்கு உடன்பாடன்று. நாயகம் (ஸல்) அவர்கள் அன்று விஞ்ஞானம் நடத்தவில்லை. ஒரு தாயின் மானத்தையும் ஒரு குழந்தையின் உரிமையையும் காத்தார்கள். விஞ்ஞானம் பிந்தி வந்து, அந்த அரபி சொன்ன நரம்பை விளக்கியது, அவ்வளவே.

உஸாமா (ரலி) அவர்களின் செய்தியும் இதையே சொல்கிறது. தகப்பனார் ஸைது (ரலி) வெளுப்பு. உஸாமா நல்ல கறுப்பு. தாயார் உம்மு ஐமன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் தகப்பனும் மகனும் தலைவரை போர்த்திப் படுத்திருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்க அடையாளம் பார்ப்பதில் தேர்ந்தவரான முஜஸ்ஸிஸ் என்பவர் அவற்றைக் கண்டு, இந்தப் பாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். அதைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நிறம் தாய் வழி போயிற்று, கால் தகப்பன் வழி வந்தது. தோலை மட்டும் பார்த்தவர்கள் காலைப் பார்க்கவில்லை!

பெண் பிறந்தால் மருமகளைக் கரித்துக் கொட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்தவர்களைத் திருமறை 16-வது அத்தியாயம் கண்டிப்பதை ஓதிக்கொண்டே இதையும் செய்கிறார்கள். கிடேரியா காளைக்கன்றா என்பதைத் தீர்மானிக்கும் சீட்டு தகப்பன் பக்கத்திலிருந்து வருகிறது, மனிதரிலும் அப்படியே. 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி புழுவண்டுகளை ஆராய்ந்து இதைக் கண்டார். அப்படியிருக்க, எந்த நியாயத்தில் மருமகளிடம் கணக்குக் கேட்கிறார்கள்?

ஒழுக்கமுள்ள பெண்ணின் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகள் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி என்று சூரத்துன் நூர் விதிக்கிறது. பிள்ளையின் நிறம் அந்த நான்கு சாட்சிகளில் ஒன்றாகாது. கடைத் திண்ணையில் தேநீர் குடித்துக்கொண்டு பேசுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

கருப்பையில் மறைந்திருப்பதை வைத்துப் பழி பேசக் கூடாது என்ற மார்க்கம், அதை வைத்து வியாபாரம் பேசவும் விடவில்லை. அறியாமைக் காலத்து அரபிகள், இந்த ஒட்டகம் குட்டி போட்டு, அந்தக் குட்டி வளர்ந்து அதுவும் குட்டி போடும்போது என்று தவணை வைத்து விற்றார்கள். ஒட்டகத்தின் சினைக்காலம் சுமார் பதின்மூன்று மாதம். பெட்டைக்குட்டி சினை பிடிக்கவே மூன்று நான்கு வருடமாகும். ஐந்து வருடத்துக்கு மேல் தொங்கும் தவணை! குட்டி ஆணாகிவிட்டால்? செத்துப் பிறந்தால்? இந்த வியாபாரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். நல்ல ஜாதிப் பொலிகாளையைச் சேர்ப்பதற்குக் கூலி வாங்குவதையும் தடுத்தார்கள். சினை நிற்குமா, கன்று தகப்பனைக் கொள்ளுமா என்பதை யார் உறுதி சொல்ல முடியும்?

ஆகவே கால்நடை வாங்கி விற்கும் சகோதரர்கள், "சினைமாடு" என்று சொல்லி மாட்டை விற்கலாம். வயிற்றுக் கன்றுக்குத் தனி விலை போட்டு விற்கக் கூடாது. குர்பானிக்கு வாங்குவோருக்கு இன்னொன்று: ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்படி சினைமாடு குர்பானிக்குச் செல்லாது, சினை சதையைக் குறைப்பதே காரணம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். இரண்டு மூன்று மாதச் சினை வெளியே தெரியாது. ஆனால் கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லிவிடுவார். விற்பவர் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர் பணம் எண்ணும் முன்பே கேட்க வேண்டும்.