முருகன்கிட்ட பின்கோடு கேட்டேன்

ஓம் சரவணபவ!



சென்னையில வேலை பாக்கற நம்ம வயசு பசங்க ரெண்டு பேர் சந்திச்சா மூணாவது நிமிஷம் வர்ற கேள்வி இது: "எந்த ஏரியாவுல செட்டில் ஆகப் போற?" வாடகையோ சொந்தமோ, எல்லாருக்கும் மனசுல ஒரு கனவு ஏரியா இருக்கு. அதுக்காக முருகன்கிட்ட வேண்டிக்கவும் செய்யறோம். நானும் வேண்டினேன். என்ன நடந்ததுன்னு இன்னிக்கு உங்ககிட்ட சொல்லணும்னு தோணுது. இதுல எனக்குப் பெருமை சேர்க்கற விஷயம் கம்மிதான். ஆனா முருகன் எனக்குப் புரிய வெச்ச ஒண்ணு இதுல இருக்கு.

நானும் என் மனைவியும் பள்ளிக்கரணையில ஒரு வீட்டோட முதல் மாடியில குடியிருந்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ கீழ் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. கரண்ட் இல்லாம, மாடிப்படியில உக்காந்து தண்ணி எப்போ வடியும்னு பாத்துக்கிட்டிருந்தோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இவ்வளவு பக்கத்துல இருக்கறப்போ தண்ணி அதோட இடத்துக்குத்தான் வருது, நாமதான் நடுவுல வந்து உக்காந்திருக்கோம்னு அன்னிக்குப் புரிஞ்சுது. வேற ஏரியா பாக்கணும்னு முடிவு பண்ணினோம்.

நான் இன்ஜினியர் இல்லையா? உடனே எக்செல் ஷீட் போட்டேன். ஆபீஸ் தூரம், வாடகை, மழைத்தண்ணி நிக்குமா, குடிதண்ணி, மெட்ரோ, சாயங்காலம் நடக்க இடம்னு பதினோரு காலம். ஒவ்வொண்ணுக்கும் மார்க். கூட்டிப் பாத்தா பெசன்ட் நகர்தான் முதல் இடம். உண்மையைச் சொல்றேன், அது முதல்ல வரணும்னுதான் மார்க்கே போட்டேன்.

காரணம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனா நாங்க அங்க இருக்கற அறுபடை வீடு கோயிலுக்குப் போயிடுவோம். ஆறு சன்னதியையும் சுத்திட்டு வெளியே வந்தா கடல். அந்தக் காத்துல ஒரு அரை மணி நேரம் நின்னா திங்கக்கிழமை பயமே வராது. "முருகா, இந்த ஊர்லயே ஒரு வீடு குடு"ன்னு மனசு தானா கேக்கும்.

வீட்டுக்காக வேண்டிக்கறவங்க சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து தரிசிக்கறது வழக்கம்னு உங்களுக்கே தெரியும். நானும் ஆரம்பிச்சேன். விடியக்காலையில பைக் எடுத்து, கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடிச்சுப் போய் கும்பிட்டுட்டு நேரா ஆபீஸ். சன்னதியில நின்னு நான் கேட்டது என்ன தெரியுமா? "600090 பின்கோடுல ஒரு வீடு முருகா." ஃபுட் ஆர்டர் பண்ற மாதிரி அட்ரஸோட கேட்டேன்.

மூணாவது செவ்வாய் முடிஞ்சப்போ பெசன்ட் நகர்ல ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைச்சுது. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வாடகை எங்க கணக்கைவிட ஆறாயிரம் ஜாஸ்தி. ஆனா பால்கனியில நின்னு எட்டிப் பாத்தா நீலமா ஒரு துண்டு கடல். டோக்கன் அட்வான்ஸ் குடுத்தேன்.

நாலாவது செவ்வாய் சிறுவாபுரியிலிருந்து திரும்பும்போது அம்மா போன் பண்ணினாங்க.

அப்பா அம்மா அரக்கோணத்துல இருந்தாங்க. அப்பா ரயில்வேயில 34 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். சுகர் ரொம்ப நாளா உண்டு. ரெண்டு கிட்னியும் இனி தாங்காது, டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். ஹார்ட்டும் கொஞ்சம் பலவீனமா இருந்ததால, எல்லா வசதியும் உள்ள ஆஸ்பத்திரியோட சேர்ந்த இடத்துல பண்றதுதான் நல்லதுன்னாங்க. விசாரிச்சதுல வடபழநி பக்கம் இடம் கிடைச்சுது.

"நீ உன் வீட்டு வேலையைப் பாருடா. நான் அரக்கோணத்துலேருந்து சென்ட்ரல் வந்து, மெட்ரோ பிடிச்சு வடபழநி வந்துடறேன். வாழ்க்கை முழுக்க ரயில்ல இருந்தவனுக்கு ரயில் ஏறத் தெரியாதா?"ன்னார் அப்பா.

நண்பர்களே, இங்க ஒரு உண்மையை ஒத்துக்கணும். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துது. அப்பாவே சொல்லிட்டார், இனி என் மேல தப்பில்லைன்னு மனசு சந்தோஷப்பட்டுது.

அன்னிக்கு ராத்திரி ஷீட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் மனைவி பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் பாத்தா. "ஏங்க, இதுல அப்பாவுக்குன்னு ஒரு காலமே இல்லையே?"ன்னு கேட்டா. அவ சொன்னது எக்செல் காலம். என் காதுல விழுந்தது வேற காலம். ஆனாலும் லேப்டாப்பை மூடிட்டுப் படுத்துட்டேன்.

ரெண்டாவது வாரம் ஒருநாள் லீவு போட்டு அப்பாகூட போனேன். டயாலிசிஸ் முடிஞ்சு வடபழநி மெட்ரோவுக்கு வந்தோம். ரயில் வந்துது. அப்பா எழுந்திரிக்கல. "இருடா, இது போகட்டும்"ன்னார். அடுத்ததும் வந்துது. "இதுவும் போகட்டும்." நாலு ரயில் போச்சு. ஒரு ரயில் அஞ்சு நிமிஷம் லேட்டானாலே தன் தப்பு மாதிரி துடிக்கற மனுஷன் அவர். பிளாட்பாரத்துல உக்காந்துக்கிட்டு, கண்ணுக்கு முன்னாடி ரயிலைப் போக விட்டுக்கிட்டிருந்தார். இன்னும் சென்ட்ரல் போகணும். அங்கேருந்து அரக்கோணம் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். நாளை மறுநாள் திரும்ப இதே பாதை.

அவரை ஊர்ல விட்டுட்டு வந்தேன். அடுத்த தடவை அவர் மெஷின்ல இருந்த நாலு மணி நேரத்துல வடபழநி ஆண்டவர் சன்னதிக்குப் போனேன். "நான் கேட்டதைக் குடுத்துட்டு, கையில வாங்கறப்போ ஏன் முருகா இப்படிப் பண்ற?"ன்னு சண்டை போடத்தான் போனேன்.

அங்க உக்காந்திருந்தப்போ மனசுல ஓடினதைத்தான் இனிமே சொல்லப் போறேன்.

முருகன் குறிஞ்சி நிலத் தெய்வம். அவருக்குப் பிடிச்ச ஏரியா மலை. ஆறுபடை வீடுகளில் ஒன்றுக்குப் பேரே குன்றுதோறாடல். எந்தக் குன்றைப் பார்த்தாலும் அங்கே போய் விளையாடுகிற சாமி. அவருக்கு ஒரு கனவு ஏரியா உண்டென்றால் அது குன்றுதான்.

ஆனால் அவருடைய வீடுகளுக்கு நம் முன்னோர் என்ன பேர் வைத்தார்கள்? படைவீடு. படைவீடு என்றால் பாசறை. போருக்குப் போகிற படைத்தலைவன் தங்குகிற இடம். வசதி பார்த்துத் தங்குகிற இடமல்ல அது, வேலை இருப்பதால் தங்குகிற இடம். யோசித்துப் பாருங்கள். திருச்செந்தூர் என்றதும் கடற்கரை ஞாபகம் வருகிறதா, சூரசம்ஹாரம் ஞாபகம் வருகிறதா? சுவாமிமலை என்றால் தந்தைக்குப் பிரணவப் பொருள் சொன்ன இடம். திருத்தணி என்றால் சினம் தணிந்த இடம். ஒவ்வொரு வீட்டையும் அங்கே அவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

இப்போ வடபழநியைப் பாருங்க. அங்க மலை உண்டா? குன்று உண்டா? ஒரு மேடுகூட இல்ல. சமதரை.

அந்தக் கோயில் எப்படி வந்தது? சுமார் 1890 வாக்கில் அண்ணாசாமித் தம்பிரான் என்ற அடியார் அங்கே இருந்தார். தீராத வயிற்றுவலிக்காரர். வலி தாங்காமல் திருத்தணிக்குப் போய்த் தன் நாவையே காணிக்கையாகக் கொடுத்தார் என்றும், வலி தீர்ந்தது என்றும் தல வரலாறு சொல்கிறது. பிறகு பழநிக்குப் போனவர் ஆண்டவர் படம் ஒன்றைக் கொண்டுவந்து, தன் இடத்தில் ஒரு ஓலைக் கொட்டகையில் வைத்துப் பூஜை செய்தார். நோய்நொடி என்று வந்தவர்களுக்கு அங்கே ஆறுதல் கிடைத்தது. அவ்வளவுதான் ஆரம்பம். ஒரு கொட்டகை, ஒரு படம், வலி தெரிந்த ஒரு மனுஷன். இன்று அந்த ஏரியாவுக்கே கோயிலின் பேர்.

நாம என்ன பண்றோம்? பேர் வாங்கின ஏரியாவைத் தேடிப் போறோம். அந்த அடியார் ஏரியா தேடல. இருந்த இடத்துல செய்ய வேண்டியதைச் செஞ்சார். அந்த இடம் பேர் வாங்கிடுச்சு.

இன்னொண்ணு. வடபழநி ஆண்டவர் காலில் பாதரட்சை அணிந்து நிற்கிறார். இதை நான் பல தடவை பாத்திருக்கேன், அன்னிக்குத்தான் உறைச்சுது. எங்க அப்பா டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி படித் திருவிழாவுக்கு என்னைத் தோள்ல உக்கார வெச்சு 365 படியும் ஏறினவர். இன்னிக்கு அவரால மெட்ரோ படிக்கட்டுகூட ஏற முடியல. படி ஏற முடியாதவங்களுக்கு முருகன் இல்லையா? அவங்களுக்காகத்தான் மலைச்சாமி மலையை விட்டுட்டு, காலில் பாதரட்சை போட்டுக்கிட்டு, இந்தச் சமதரையில வந்து நிக்கறார்னு எனக்குத் தோணிச்சு. அவருக்குப் பிடிச்ச ஏரியாவை அவரே விட்டுட்டு வந்திருக்கார். நான் ஒரு துண்டு கடலை விடமாட்டேன்னு சண்டை போட வந்திருக்கேன்.

'வீடு' என்ற சொல்லுக்கே தமிழில் விடுதலை, மோட்சம் என்ற பொருளும் உண்டு. 'விடு' என்பதிலிருந்து வந்தது. எதையாவது விட்டால்தான் வீடு.

அன்னிக்குச் சாயங்காலமே பெசன்ட் நகர் ஓனருக்கு போன் பண்ணி வேண்டாம்னுட்டேன். டோக்கன் திரும்பி வரல, சொன்னபடி வராதுதான். பத்து நாள்ல சாலிகிராமத்துல ஒரு பழைய வீடு பாத்தோம். தரைத்தளம். வாசல்ல ரெண்டே படி. தெரு குறுகல், தண்ணி லாரி வந்தா பைக்கை உள்ள எடுக்கணும். அப்பாவும் அம்மாவும் வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல பத்து நிமிஷம். எனக்கு சோழிங்கநல்லூர் ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம்.

விட்டுப்போன ரெண்டு செவ்வாய்க்கிழமைக்காக ஆறு வாரத்தையும் முதல்லேருந்து ஆரம்பிச்சு முடிச்சேன். இந்தத் தடவை பின்கோடு சொல்லல.

அப்பாவுக்குச் சரியாயிடுச்சான்னு கேப்பீங்க. இல்லை. டயாலிசிஸ் போய்க்கிட்டுதான் இருக்கு. சில நாள் நல்லா இருப்பார், சில நாள் பேசவே மாட்டார். கடலை விட்டதுக்குப் பதிலா முருகன் ஒரு அதிசயம் பண்ணினார்னு எழுதினா நீங்க நிறைய பேருக்கு அனுப்புவீங்க, ஆனா அது பொய். ராத்திரி டிராஃபிக்ல நிக்கும்போது அந்த நீலத் துண்டு இன்னும் ஞாபகம் வருது. ஆனா முடியற நாள்ல நானும் அப்பாவும் கோயிலுக்குப் போறோம். ஏற வேண்டிய மலை இல்லை. கொடிமரத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்குவார். போன கிருத்திகை அன்னிக்கு, "திருத்தணியில நான் உன்னைத் தூக்கிட்டுப் போனேன், இங்க நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றே. கணக்கு சரியாப் போச்சுடா"ன்னார். எனக்கு பதில் சொல்ல வரல.

வீடு தேடற தம்பி தங்கைகளே, நல்ல ஏரியாவுல வாழணும்னு ஆசைப்படறது தப்பே இல்ல. ஷீட் போடுங்க. மழைத்தண்ணி எங்க போகும்னு கட்டாயம் பாருங்க, அக்கம்பக்கத்துல விசாரிங்க. சிறுவாபுரிக்கும் போங்க. ஆனா ஷீட்ல ரெண்டு காலம் கூடுதலா போட்டுக்குங்க. இந்த வீட்டுல இருந்து நான் யாருக்காக என்ன செய்யப் போறேன்? அதுக்காக எதை விடப் போறேன்? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா, பின்கோடு எதுவானாலும் அது உங்க படைவீடு. சிலருக்கு அந்த பதில் பெசன்ட் நகராவே இருக்கலாம், சந்தோஷமா போங்க.

இன்னொண்ணு. பெரியவங்க "என்னைப் பத்தி யோசிக்காத"ன்னு சொன்னா, உடனே நிம்மதி ஆயிடாதீங்க. ஒரு தடவை அவங்ககூட பிளாட்பாரம் வரைக்கும் நடந்து பாருங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!