குதிரையின் விலை

திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகம்மது கல்லூரி அமைந்திருக்கும் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர். 1951இல் கல்லூரி தோன்றிய நாள் தொட்டு நம் சமுதாயத்துப் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் அந்தச் சாலை வழியே நடந்து கல்வி பெற்றுச் சென்றிருக்கின்றனர். குதிரை இன்று சாலையின் பெயரில் மட்டுமே ஓடுகிறது. ஆங்கிலேயர் காலத்துப் பெயர் என்பதற்கு மேல் நாமும் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற மாதம் ஒருவர் வந்து எண்ண வைத்தார்.

சிறு வயதில் நம்முடைய மாலை மத்ரஸாவில் ஓதியவர் அவர். இப்போது பாலக்கரையில் இரும்பு வியாபாரம் செய்கிறார். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். கடனுக்கு வட்டி என்ற பேச்சே இல்லாதவர். அஸர் தொழுகைக்குப் பின் வந்து அமர்ந்து, "ஹஜ்ரத், ஒரு குதிரை வாங்கலாமென்று இருக்கிறேன்" என்றார். நாம் நகைத்துவிட்டோம். அவர் நகைக்கவில்லை. பெங்களூரில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரையை ஏலத்தில் எடுக்க இருக்கிறார்களாம். எட்டாவது பங்கு இவருக்காம். கைப்பேசியில் படத்தைக் காட்டினார். ஒரு வயதுக் குட்டி, செம்பழுப்பு மேனி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அழகை அழகன்று என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. குதிரையையும் கோவேறு கழுதையையும் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் படைத்ததாகத் திருமறையின் நஹ்ல் அத்தியாயம் கூறுகிறதல்லவா?

அவர் ஆயத்தமாகவே வந்திருந்தார். பெருமானார் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள் என்றார். உண்மை. பயிற்றிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரையிலும், பயிற்றாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுத்தார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓட்டினார்கள். நாட்டுச் சட்டமும் தடுக்கவில்லை என்றார். அதுவும் உண்மையே. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமன்று என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. (2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் நிலத்துக்கு அரசு சீல் வைத்தது குத்தகையின் பொருட்டு, அது வேறு வழக்கு.) "நான் பந்தயம் கட்டப் போவதில்லை, ஹஜ்ரத். குதிரைக்குச் சொந்தக்காரன், அவ்வளவுதான்" என்று முடித்தார்.

ஃபிக்ஹுக் கிதாபுகளில் இதற்கு விடை தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. பரிசை ஆட்சியாளரோ வெளியார் ஒருவரோ தந்தால் ஆகும். ஓடுவோரில் ஒருவர் மட்டும் வைத்தாலும் ஆகும். இருவரும் பணம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வது சூது. பணம் வைக்காத மூன்றாவது குதிரை ஒன்று, வெல்லும் ஆற்றலோடு, இடையில் சேர்ந்தாலொழிய அது கூடாது என்பர். இன்றைய பரிசுத் தொகையில் உரிமையாளர்களின் நுழைவுக் கட்டணமும் இருக்கிறது, பந்தயம் கட்டுவோர் பணத்திலிருந்து வரும் வருவாயும் இருக்கிறது. "அந்தப் பணத்தைத் தொடாதீர், தம்பி" என்றோம். முகம் சிறிது வாடினாலும் மறுக்கவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் நம்மைப் பிடித்துக்கொண்டது. "பணத்துக்காக இல்லை, ஹஜ்ரத். நாம் இராவுத்தர்கள். இராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? நம் குடும்பங்களில் எவரும் குதிரை வைத்து நூறு வருஷம் இருக்குமே."

பரிசுப் பணம் வேண்டாம், பந்தயம் வேண்டாம், குதிரை மட்டும் வேண்டும் என்பவருக்கு என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை வாரும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இடையில் ஒருநாள் ஸ்ரீரங்கம் செல்ல நேர்ந்தது. உத்தர வீதியில் ஒரு வைணவப் பெரியவர் இருக்கிறார். தமிழ் நூல்களில் நமக்கு ஐயம் எழும்போது அவரிடம்தான் செல்வோம். இந்தக் குதிரைச் செய்தியைச் சொன்னதும், "வாங்கோ, குதிரையைப் பார்த்துவிட்டே பேசுவோம்" என்று சேஷராயர் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். விசயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பிகள் தூணுக்கு ஒரு குதிரையாக முன்னங்கால் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மேலே வீரன், கீழே ஈட்டியும் வாளும் ஏந்தியவர்கள், பாயும் புலி. கடிவாளத்தின் வார் கூடக் கல்லிலே மடிந்து கிடக்கிறது. ஒரு குதிரைக்கும் விலா எலும்பு தெரியவில்லை, ஒன்றும் நொண்டவில்லை. நண்பர் மாணிக்கவாசகர் வரலாற்றை நினைவூட்டினார். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருள் கோயிலாயிற்று. நரிகள் பரிகளாய் வந்தன. இரவிலே மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அக்கதையின் பக்திப் பொருள் அவர் அறிந்தது. நம் மனமோ வேறு பக்கம் போயிற்று. வாங்கிய குதிரை ஆண்டு முடிவதற்குள் இல்லாமற் போவது பாண்டிய நாட்டில் வெறும் கதையன்று.

அதற்குச் சான்று இருவர். ஒருவர் மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறையை அறிந்து எழுதியவர். மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், நம்மவர். கீஷ் தீவின் அதிபதியாயிருந்த மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபர் என்று அரபிகள் அழைத்த இந்தக் கரையில் இறக்குவதென ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். அப்படியானால் ஆண்டுக்கு 3,08,000 தீனார்! ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளுக்கு அதிகாரியாகவும் விளங்கினார். இந்தப் பெயர்களை மேடைகளில் நாம் பெருமிதத்தோடு சொல்லியிருக்கிறோம். நாமே சொல்லியிருக்கிறோம். ஒப்பந்தத்தின் மற்றொரு வாசகத்தை மட்டும் சொன்னதில்லை. கடல் வழியில் குதிரை ஊனமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையை அரசன் கருவூலமே தந்துவிட வேண்டும் என்பது அது.

கரையேறிய குதிரைகளின் கதி என்ன? கொள்ளும் புல்லும் தின்ன வேண்டிய உயிருக்கு இங்கே சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் என்கிறார் வஸ்ஸாஃப். அன்பு மிகுதியாகக் கூட இருக்கலாம். அறியாமை அன்பு வேடத்தில் வருவதுண்டு. அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவான், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாது என்கிறார் போலோ. லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் அறிந்தவர் இந்நாட்டில் இல்லை. அறிந்தவர்களைக் குதிரை வணிகர்கள் அழைத்து வரவில்லை. பிறர் வருவதையும் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் கப்பல் வரும்?

போலோ வேற்றவர், நம்மேல் பழி சுமத்துகிறார் என்று தள்ளிவிடலாம். ஆனால் இறந்த குதிரைக்கும் விலை என்ற வாசகத்தை எழுதிவைத்தவர் வஸ்ஸாஃப் ஆயிற்றே. வாங்குவோன் கைக்கு வருமுன் அழியும் பண்டம் விற்பவனுடைய நட்டம் என்று மத்ரஸாவில் முதல் ஆண்டுகளிலேயே ஓதுகிறோம். ஒரு பொருளின் பலனை அடைவது அதன் பொறுப்பைச் சுமப்பவனுக்கே உரியது என்ற விதியோ ஹதீஸிலேயே உள்ளது. அந்த வணிகர்கள் இதனை அறியாதவர்களா? தொழுகையாளிகள்; பள்ளிவாசல்களைக் கட்டியவர்கள்; அவர்களில் ஆலிம்களும் இருந்திருப்பர். பலன் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருக்கும்படி ஓர் உடன்படிக்கையை அழகாக எழுதிக்கொண்டார்கள். எவரையும் ஏமாற்றவில்லை, அரசனும் ஒப்பினான். அந்த உடன்படிக்கையில் ஒப்பம் கேட்கப்படாத தரப்பு ஒன்றே ஒன்றுதான். அது கப்பலின் அடித்தட்டில் நின்றுகொண்டிருந்தது.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய ஆள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர், இது இன்னும் அதிகம் பெறும் என்று விற்றவரிடமே சொல்லிச் சொல்லி, விலையை 800 வரை தாமே உயர்த்திக் கொடுத்தார்கள். குதிரைச் சந்தையில் இப்படி ஒரு வாங்குபவரை எந்தத் தரகர் கண்டிருப்பார்!

இப்போது நம் கதையையும் சொல்லிவிட வேண்டும். நூறு வருஷம் என்றார் அல்லவா நம் மாணவர்? நூறு ஆகவில்லை. நம் பெரியத்தா ஜட்கா ஓட்டினார். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து அம்மா மண்டபம் வரை சவாரி. ஏகாதசிக் காலத்தில் இரவு முழுதும் ஓய்விராது. குதிரை என்றால் சிற்பத்துக் குதிரையன்று. மட்டக்குதிரை, சாம்பல் நிறம். தாம் உண்ணுமுன் அதற்குக் கொள்ளு வைப்பார். ஆட்டோக்கள் வந்தன, சவாரி குறைந்தது, குதிரைக்கும் முன்கால் வீங்கியது. ஒருநாள் தரகர் ஒருவர் வந்து பிடித்துப் போனார். எங்கே என்று பெரியத்தா கேட்கவில்லை. அந்தப் பணத்தில்தான் நாம் மத்ரஸாவில் சேர்ந்தபோது உடுத்த இரண்டு ஜிப்பாவும் ஒரு பெட்டியும் வாங்கினார். குதிரை எங்கே போயிற்று என்று நாமும் கேட்கவில்லை. பத்து வயது என்பது அன்றைக்குச் சரியான சமாதானம். பின்னர் நாற்பது ஆண்டுகளில் கேட்டிருக்கலாம்.

ஹதீஸ் கிதாபில் உமர் (ரலி) அவர்களின் குதிரையைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இது நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். உமர் (ரலி) ஒரு குதிரையை இறைவழியில் ஒருவருக்குத் தானமாகக் கொடுத்தார்கள். பெற்றவர் அதனைப் பேணவில்லை, சீரழிய விட்டார். குறைந்த விலைக்குத் தருவார் என்றெண்ணி, உமர் அதனைத் திரும்ப வாங்க விரும்பினார்கள். ஒரு திர்ஹத்துக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம், கொடுத்த தருமத்தில் மீளக் கூடாது என்று பெருமானார் (ஸல்) தடுத்துவிட்டார்கள். தருமத்தைப் பற்றிய சட்டம் அதிலிருந்து பிறந்தது. மாணவப் பருவத்தில் நாம் உஸ்தாதிடம், "அந்தக் குதிரை பிறகு என்னாயிற்று?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "ரிவாயத்தில் இல்லை" என்றார்.

ரிவாயத்தில் இல்லாததை ஃபிக்ஹு விட்டுவிடவில்லை. கால்நடைக்குத் தீனி போடாத உடைமையாளனை, தீனி போடு அல்லது விற்றுவிடு என்று காஜி நிர்ப்பந்திப்பார் என்கின்றனர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஹனஃபி மத்ஹபில் அவன் இறைவனிடத்தில் குற்றவாளி, ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்பது பெரும்பான்மைக் கூற்று. இமாம் அபூ யூசுஃப் மட்டும் கட்டாயப்படுத்தும் என்றார்கள். நம் மத்ஹப் ஹனஃபி. இவ்விடத்தில் மட்டும் நம் உள்ளம் அபூ யூசுஃபின் பக்கமே சாய்கிறது. குதிரைகள் ஒருவனுக்கு நற்கூலி, ஒருவனுக்குக் காப்பு, ஒருவனுக்குச் சுமை என்று வரும் நபிமொழியில், காப்பாக வைத்திருப்பவனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குரிய உரிமையை அவன் மறக்கலாகாது. கழுத்தின் உரிமை ஜகாத் என்று ஹனஃபிகள் சிலர் கூறினர். அதனை நன்கு பேணுதலே என்று வேறு சிலர் கூறினர். சுமையாவதோ பெருமைக்கும் பகட்டுக்கும் வைத்திருப்பவனுக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாணவர் வந்தார். தரோபிரெட் எனப்படும் இந்த இனத்தின் வரலாற்றையெல்லாம் படித்து வந்திருந்தார். தந்தை வழியில் இவை யாவும் மூன்றே ஆண் குதிரைகளில் சென்று முடிவதையும், அவற்றுள் ஒன்றை 1704இல் ஓர் ஆங்கிலேயர் ஹலப் நகரத்தில் வாங்கித் தம் நாட்டுக்கு அனுப்பியதையும், இன்று உலகில் ஓடும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பான்மை அதன் வழித்தோன்றல்கள் என்பதையும் உற்சாகத்தோடு சொன்னார். நாம் ஒன்றே ஒன்று கேட்டோம். "இரண்டு வயதில் ஓடத் தொடங்கும். ஆறேழு வயதில் ஓட்டம் முடியும். இருபத்தைந்து வயது வரை உயிர் வாழக் கூடிய பிராணி. பன்னிரண்டாம் வயதில் அது எங்கே நிற்கும், தம்பி?"

பங்காளிகள் எழுதிய பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினார். வாங்கும் விலை, பயிற்சிச் செலவு, சவாரி செய்பவர் பங்கு, பரிசைப் பிரிக்கும் விகிதம், கால் ஒடிந்தால் காப்பீடு எல்லாம் இருந்தன. முதுமையைப் பற்றி ஒரு வரி இல்லை. "எட்டில் ஒரு பங்கு உமக்கு. எட்டில் ஒரு பங்கு குதிரை கிழடாவதில்லை; முழுக் குதிரையும்தான் கிழடாகும்" என்றோம். அவர் பத்திரத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஓட்டம் ஓய்ந்த பிறகு சாகும் வரை பராமரிப்பது எட்டுப் பேருக்கும் கடமை என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டிருக்கிறார். இருவர் சம்மதித்தார்களாம். ஒருவர் சிரித்தாராம். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லையாம். ஏலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

"ஹஜ்ரத், அவர்கள் ஒப்பாவிட்டால் அந்தப் பொறுப்பை நான் ஒருவனே ஏற்றுக்கொண்டு வாங்கலாமா? துறையூர்ப் பக்கம் நமக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது" என்று கேட்டார்.

இதனை நாம் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் யோசித்து, கொள்ளு கிலோ என்ன விலை விற்கிறது என்று கேட்டோம்.

"தெரியாது ஹஜ்ரத். நாளைக்குக் காந்தி மார்க்கெட்டில் விசாரித்துச் சொல்கிறேன்" என்றார்.