சந்தையின் நீதியும் ஊரின் குரலும்

இடைக்கால இங்கிலாந்தின் சந்தைகளில் 'புழுதிக்கால் மன்றங்கள்' கூடின. வழிப்புழுதி படிந்த கால்களோடு வந்த வணிகரின் வழக்குகளை, அவர்கள் புறப்படுமுன்பே, வணிக மரபுப்படி அவை தீர்த்துவைத்தன. வழக்காடிய இருவரும் சந்தைக்கு வந்தவர்களே. ஆதலால் அம்முறையில் நியாயம் இருந்தது.

1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையிலா வணிக ஒப்பந்தமும் முதலீட்டாளர்களுக்கு நடுவர் மன்றம் நாடும் உரிமையை வழங்கியது. மெக்சிகோவின் குவாதல்காசர் நகராட்சி 1995இல் நச்சுக்கழிவுக் கிடங்கு ஒன்றுக்கு அனுமதி மறுத்தது. நிலத்தடி நீர் கெடுமென மக்கள் அஞ்சினர். நடுவண் அரசு அனுமதி அளித்திருந்ததைக் காட்டி அமெரிக்க நிறுவனம் வழக்காடியது. மெக்சிகோ ஏறத்தாழ 1.67 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டுமென 2000இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு கனடா நீதிமன்றமொன்று தொகையைச் சற்றே குறைத்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு: அரசின் வாக்கை நம்பி முதலிட்டவரைக் கைவிடலாகாது. ஆயினும் அவ்வழக்கில் ஊரார் ஒரு தரப்பாக இல்லையே! 2020இல் அதன் இடத்திற்கு வந்த புதிய ஒப்பந்தம் இவ்வுரிமையைச் சுருக்கிவிட்டது. கேள்வியோ சுருங்கவில்லை. இருவர் பேசி முடித்த உடன்பாடு மூன்றாமவரின் கிணற்றைத் தொடுமானால், அது வணிகம் மட்டும்தானா? அவரையும் அழைத்துக் கேட்ட பின்னரே அதனை நீதி என்போம் நாம்.